புதிய மின்சாரம்: மக்கள் கேட்பது என்ன? வணிகர் செய்ய வேண்டியது என்ன?



பருப்பு வரத்து, மிளகாய் விலை, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று வழக்கமாக எழுதப்படும் இந்தப் பக்கங்களில் மின்சாரத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கடை வாடகை, ஆள் சம்பளம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இன்று பல மளிகைக் கடைகளில் லாபத்தைத் தின்னும் செலவு மின் கட்டணம்தான். 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறாமல் இருந்த கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது. அதன் பிறகு ஜூலை மாதம் வந்தாலே வணிக இணைப்பு வைத்திருப்பவர்கள் நாளிதழைக் கவலையோடு புரட்டும் நிலை ஏற்பட்டுவிட்டது.

இதே காலத்தில்தான் சூரிய மின்சாரம், காற்றாலை, பேட்டரி வண்டி என்ற பேச்சும் ஊர் முழுவதும் பரவியிருக்கிறது. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் முடிவு செய்துள்ளன. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நம் பிரதமரும் 2070-ஐ எல்லையாகக் குறித்து அறிவித்தார். அறிவிப்பு மேலிருந்து வந்தாலும், பல்பையும் அடுப்பையும் வண்டியையும் மாற்றப் போகிறவர்கள் சாதாரண மக்கள். அந்த மக்கள் தினமும் வந்து நிற்கும் இடம் நமது கடை. அவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பாகவே அறியக்கூடியவர்கள் நாம்.

கல்லா ஓரத்தில் கேட்கும் பேச்சு

விருதுநகர் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறை வணிகர்களோடு பேசும்போதும், அவர்களுடைய கடைகளில் நின்று கவனிக்கும்போதும் மூன்று விதமான பேச்சு நம் காதில் விழுகிறது.

"அண்ணாச்சி, எங்க வீட்டு மாடியில சோலார் போட்டாச்சு. பில்லு பாதிக்குப் பாதி குறைஞ்சு போச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர் ஒரு வகை. "அதெல்லாம் கம்பெனிக்காரன் பேச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுக் கெட்டுப் போனா யாரு வந்து பார்ப்பா?" என்று கேட்பவர் இரண்டாவது வகை. "நூறு யூனிட் சும்மாவே வருது. நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்று ஒதுங்குபவர் மூன்றாவது வகை.

மூவரும் தங்கள் தங்கள் கணக்குப்படி சரியாகவே பேசுகிறார்கள் என்பதுதான் நம் அனுபவம். நம் மாநிலத்தில் 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டி.வி. வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சூரிய தகட்டால் பெரிய மிச்சம் கிடையாது. அந்தக் குடும்பம் ஆர்வம் காட்டவில்லை என்றால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது. குளிர்சாதனமும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் வீட்டுக்குக் கணக்கு வேறு. கெட்டுப்போனால் யார் வருவார் என்று கேட்பவருக்கு விடை கிடைத்துவிட்டால் அவரும் முதல் வகைக்கு வந்துவிடுவார்.

ஆகவே, "மக்கள் ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா?" என்ற கேள்வியே சரியில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. எவ்வளவு மிச்சம், யார் பொறுப்பு, பாரம் யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு மக்கள் பதில் கேட்கிறார்கள். பதில் வந்த இடத்தில் மாறியிருக்கிறார்கள். வராத இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

அடுப்பும் பல்பும் மாறிய கதை

இந்தத் தயக்கம் இன்று பிறந்ததன்று. கேஸ் அடுப்பு நம் ஊர்களுக்கு வந்த காலத்தை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர் வெடித்துவிடும் என்றார்கள். கேஸில் சமைத்த சோற்றைத் தின்றால் வயிற்றில் வாயு சேரும் என்றும் சொன்னார்கள். விறகும் மண்ணெண்ணெயும் கைவிட்டுப் போகாது என்று கடைக்காரர்களே நம்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் பயமில்லாமல் பற்றவைப்பதைப் பார்த்த பிறகுதான் எதிர்வீட்டு அம்மாள் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தார். 2007-ல் மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. இன்று மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்திராத பிள்ளைகள் உண்டு.

எரிவாயுவும் கரியமில வாயு விடும் எரிபொருள்தான். ஆனாலும் புகையடுப்பிலிருந்து மக்கள் எப்படி மாறினார்கள் என்பதை அறிய இது நல்ல உதாரணம். வயிற்றில் வாயு சேரும் என்ற பயத்தைப் பிரசங்கம் போக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை போக்கியது.

பல்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது நம் கடையிலேயே நடந்தது. 60 வாட் குண்டு பல்பு பத்து ரூபாய்க்குக் கிடைத்த நாளில், நூறு ரூபாய்க்கு மேல் விலை சொல்லி சி.எஃப்.எல். விற்பது எளிதாக இல்லை. வாங்கியவர்களில் சிலருக்கு அது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் சீக்கிரமே போய்விட்டது. ஒரு தெருவில் ஒருவருக்கு அப்படிப் போனால் அந்தத் தெருவில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

பிறகு எல்.இ.டி. வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசின் நிறுவனம் கோடிக்கணக்கில் பல்புகளை மொத்தமாக ஏலத்தில் கொள்முதல் செய்தது. 2014-ல் 310 ரூபாயாக இருந்த அந்தக் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மொத்தக் கொள்முதல் விலையை எந்த அளவுக்கு இறக்கும் என்பதை மண்டி வியாபாரிகளான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விலை இறங்கியது, கெட்டுப்போனால் மாற்றித் தரும் உத்தரவாதமும் வந்தது. அதன் பிறகு குண்டு பல்பைக் கேட்டு வருகிறவரே அரிதாகிவிட்டார்.

கணக்கும் எளிது. 60 வாட் பல்பு தினம் 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. எரிந்தால் 3 யூனிட்டுக்கும் குறைவு. பூமியின் வெப்பத்தைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் நம்மிடம் கேட்டதில்லை. "எத்தனை நாள் வரும்? போச்சுன்னா மாத்தித் தருவீங்களா?" என்றுதான் கேட்டார்கள். "தருவோம்" என்று சொல்ல முடிந்ததும் வாங்கினார்கள். பூமிக்கும் நன்மை நடந்தது.

காற்றாலை சொல்லும் பாடம்

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் முதல் காற்றாலைகளை நிறுவியபோது அதை வேடிக்கையாகப் பார்த்தவர்களே அதிகம். இன்று நம் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றியும், கயத்தாறு சாலையிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும் உடுமலைப் பகுதியிலும் இறக்கைகள் சுற்றுவதைச் சரக்கு லாரியோடு போகும் எவரும் பார்க்கலாம்.

இவற்றில் பெரும் பகுதியைப் போட்டவர்கள் தனியார். அதிலும் கோவை, திருப்பூர், இராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் முன்னின்றார்கள். ஏன் போட்டார்கள்? ஆலைக்கு மின்சாரம் போதவில்லை, கட்டணமும் கூடிக்கொண்டே போனது. 1990-களில் வருமான வரிச் சட்டம் காற்றாலை இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஆடிக் காற்றில் கிடைக்கும் உபரி மின்சாரத்தை வாரியத்திடம் கொடுத்து வைத்துவிட்டு, காற்று குறைந்த மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. தேய்மானம், வரவு, பற்று ஆகிய மூன்றும் புரிந்ததால் துணிந்து முதல் போட்டார்கள். நாட்டிலேயே முதலிடத்தை நம் மாநிலம் பல ஆண்டுகள் வைத்திருந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். பிற்பாடு தேய்மானச் சலுகை குறைந்தபோதும், கொடுத்து வைத்து எடுக்கும் விதிகள் இறுகியபோதும் முதல் போடும் வேகமும் குறைந்தது. 2023-ல் குஜராத் நம்மை முந்திவிட்டது.

மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா, சாங்லி மாவட்டங்களில் 2000-களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது, காற்றாலை இறக்கைகள்தான் மேகத்தைத் துரத்திவிட்டன என்று விவசாயிகள் கோபம் கொண்டார்கள். மேகம் இருக்கும் உயரத்துக்கும் காற்றாலைக்கும் சம்பந்தமில்லை என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அந்த விவசாயிகளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் கண்ணால் கண்டது என்ன? மலைமேல் கோபுரங்கள் வந்தன. வருமானம் வெளியூர்க்காரருக்குப் போனது. தங்கள் கிணறு வற்றியது. லாபத்தில் பங்கில்லாதவன் பழியைத்தான் பங்கு போடுவான்.

யாருக்கு வெளிச்சம், யாருக்குப் பாரம்?

கூடங்குளம் விவகாரம் நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அணு மின்சாரமும் கரியமில வாயு குறைந்த வகையைச் சேர்ந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நடந்தது. அதே ஆண்டில் இடிந்தகரை மக்கள் பெரும் போராட்டத்தில் இறங்கினார்கள். கடலையும் மீனையும் நம்பிப் பிழைப்பவர்களின் அச்சம் அது.

அந்த நேரத்தில் மற்ற மாவட்டங்களில் என்ன நிலைமை என்பதையும் மறக்க முடியாது. 2012-ல் சென்னை நீங்கலாகப் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பருப்பு ஆலைகள் நின்றன. மாவு மில்லில் அரைக்க வந்த கோதுமைப் பைகள் வரிசையில் காத்திருந்தன. கடைகளில் ஜெனரேட்டர் ஓடியது. சிறிய ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் கிடைத்தால் பெரிது. அந்த மின்சாரம் வாரியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு விலை என்பதை நம் பேரேடுகள் சொல்லும். "சீக்கிரம் திறங்கள்" என்று கோவையும் விருதுநகரும் கேட்டன. "திறக்காதீர்கள்" என்று இடிந்தகரை கேட்டது. கடைசியில் 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது.

எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் வேண்டியவன் ஓர் ஊரில் இருக்கிறான், அதன் பாரத்தைச் சுமப்பவன் வேறோர் ஊரில் இருக்கிறான். 2018-ல் ஈரோடு, திருப்பூர் பகுதி விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே உயர் மின் கோபுரம் போவதை எதிர்த்துப் போராடியதும் இதே காரணத்தால்தான். சூரிய மின்சாரமானாலும் காற்று மின்சாரமானாலும் அதைக் கொண்டுபோகக் கம்பியும் கோபுரமும் வேண்டும். இழப்பீடு சரியாகவும் முன்கூட்டியும் பேசப்படாத இடத்தில் எந்தத் திட்டத்துக்கும் எதிர்ப்பு வரும்.

சோலாரைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் விடை சொல்வது பயன்படும்.

சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகாதா? ஆகும். பேட்டரி இல்லாமல் வாரியக் கம்பியோடு இணைத்த சூரிய மின் அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் வயர்மேனுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விற்றதால் ஏமாந்ததாக நினைப்பவர்கள் நிறைய. மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரி தனியாக வேண்டும், அதற்குச் செலவும் தனி.

வெயில் கொளுத்தினால் அதிக மின்சாரம் வருமா? வேண்டியது வெளிச்சம்தான். சூடு ஏறினால் தகட்டின் உற்பத்தி சற்றுக் குறையும். தூசி படிந்தாலும் குறையும். துடைத்து வைப்பது அவசியம்.

எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு கிடைக்கும்? ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நம் மாநிலத்தில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் மாதம் சுமார் 360 யூனிட்.

மானியம் உண்டா? 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அது வீட்டு இணைப்புக்கு மட்டும். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் மாடி வீட்டு இணைப்புக்கு அதைப் பெறலாம். கடை இணைப்புக்குப் பெற முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய தகடுகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இது கடைக்காரருக்கும் பயன்.

கடைக்கு லாபமா? யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 360 யூனிட் முழுவதும் கடையிலேயே செலவானால் 3,600 ரூபாய் மிச்சம். கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று விலை சொன்னால், போட்ட முதல் சுமார் 50 மாதத்தில் திரும்பும். தகட்டின் ஆயுள் 25 ஆண்டு என்கிறார்கள். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். கடைகள் பகலில் திறந்திருப்பதும், சூரியன் பகலில் இருப்பதும் நமக்குச் சாதகம். ஆனால் கூரை மின்சாரத்துக்கு விதிக்கப்படும் கம்பிக் கட்டணம், மிஞ்சும் யூனிட்டுக்கு வாரியம் கணக்கிடும் முறை ஆகியவை இணைப்புக்கு இணைப்பு மாறுபடும். அதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வண்டிக்காரர் கேட்பது

மண்டியிலிருந்து சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோக்காரர்களிடம் பேட்டரி வண்டியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். புகையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. மூட்டை ஏற்றினால் பாலத்தில் ஏறுமா, மதியம் சார்ஜ் தீர்ந்தால் எங்கே போடுவது, ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால் என்ன விலைக்குப் போகும், பேட்டரி போனால் யார் கொடுப்பது என்று கேட்கிறார்கள். மின் வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். ஓட்டும் செலவும் டீசலைவிடக் குறைவு என்பதை ஓட்டுகிறவர்களே சொல்கிறார்கள். இருந்தும் தவணையில் வண்டி வாங்கிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சோறு போகிறது. நம் கிடங்கில் ஒரு சார்ஜ் பிளக் இருந்து, சரக்கு இறக்கும் நேரத்தில் அவர் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தால், ஆயிரம் விளம்பரம் செய்யாததை அது செய்யும்.

நாம் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும்?

2025 ஜூன் இறுதியில் நம் நாட்டின் மின் நிலையங்களுடைய மொத்தத் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராததாக ஆகிவிட்டது என்று அரசு அறிவித்தது. கிடங்கின் கொள்ளளவு வேறு, அங்கிருந்து விற்றுப்போன மூட்டை வேறு. உண்மையில் உற்பத்தியாகி நம் கம்பியில் வரும் மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆனால் எந்தத் திசையில் காற்றடிக்கிறது என்பது தெரிகிறது.

இந்த மாற்றத்தின் லாபம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. சொந்தக் கட்டடமும் பெரிய கூரையும் உள்ள அங்காடிகள் தகடு பதித்துக்கொள்கின்றன. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்பு வைத்திருப்பவர்கள் சூரிய, காற்று மின்சாரத்தை உற்பத்தியாளரிடமே நேரடியாக வாங்க 2022-ல் மத்திய அரசின் விதி வழி செய்தது. நம் மளிகைக் கடையின் இணைப்போ நான்கைந்து கிலோவாட். இடம் வாடகை, மொட்டை மாடி கட்டட உரிமையாளருடையது. வீட்டுக்கு உண்டான மானியமும் கடைக்கு இல்லை, ஆலைக்கு உண்டான வசதியும் கடைக்கு இல்லை. நடுவில் நிற்பவர்கள் நாம்.

பெரிய அங்காடியின் மின்செலவு குறைந்து, நம் செலவு ஏறிக்கொண்டே போனால், ஒரு கிலோ துவரம் பருப்பில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குப் போட்டியிடும் நமக்கு அது சின்ன விஷயமா? "நமக்கென்ன" என்று ஒதுங்குவதன் விலை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஏரல் கடைவீதியில் சரக்கோடு கடைகள் நீரில் மூழ்கின. நமக்குக் கணக்கு வைத்திருந்த வியாபாரிகளில் சிலர் மாதக்கணக்கில் எழ முடியவில்லை. ஒரு மழையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும் என்பது அறிவியல். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். தரைத்தளத்தில் மூட்டை அடுக்கியிருக்கும் நம்மைவிட இதில் அதிகம் இழப்பவர் யார்?

செய்யக்கூடியவை

முதலாவது, செலவில்லாத வேலை. கடையின் மின் அட்டையை எடுத்து, எந்தப் பொருள் எத்தனை யூனிட் தின்கிறது என்று எழுதிப் பாருங்கள். பழைய 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் புது வகை விசிறி வந்திருக்கிறது. நான்கு விசிறி தினம் 12 மணி நேரம் ஓடும் கடையில் மாதம் ஏறத்தாழ 65 யூனிட் குறையும். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் இலவசமாக வைத்துவிட்டுப் போகும் குளிர்பெட்டி குடிக்கும் மின்சாரம் நம் மீட்டரில்தான் ஓடுகிறது. அடுத்த முறை பெட்டி மாற்ற வரும்போது நட்சத்திரக் குறியீடு எத்தனை என்று கேளுங்கள். கமிஷன் பேசும்போது மின் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டாவது, கட்டட உரிமையாளரோடு பேச்சு. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மொட்டை மாடியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். தகடு யார் செலவில், காலி செய்தால் யாருக்கு, மிச்சத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

மூன்றாவது, கூட்டுக் கொள்முதல். தனியாக ஒருவர் 3 கிலோவாட்டுக்கு விலை கேட்டால் ஒரு விலை. ஒரு கடைவீதியே சேர்ந்து நூறு கிலோவாட்டுக்குக் கேட்டால் வேறு விலை. பல்பு 310-லிருந்து 38-க்கு வந்த வழி அதுவே. விலையோடு, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்க முடியும். நம் கிளைச் சங்கங்கள் இதில் இறங்க வேண்டும்.

நான்காவது, அரசிடம் கோரிக்கை. டெல்லியில் ஒரு கூரையில் விளையும் மின்சாரத்தைப் பல இணைப்புகளுக்குப் பங்கிட்டுக் கழிக்கும் முறையை 2019-ல் கொண்டு வந்தார்கள். சொந்தக் கூரை இல்லாத சிறு வணிகர்களுக்கு எட்டும்படி நம் மாநிலத்திலும் அப்படிப்பட்ட ஏற்பாடு வேண்டும். சிறு கடைகளுக்குக் கூரை மின்சாரத்தின் மேல் கம்பிக் கட்டணம் இருக்கக் கூடாது. வீட்டுக்கு உள்ளதுபோல் 5 கிலோவாட் வரையுள்ள கடை இணைப்புக்கும் மானியம் தர வேண்டும். அடுத்த மே 5 வணிகர் தின மாநாட்டுத் தீர்மானங்களில் இவை இடம்பெற வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்தாவது, வாடிக்கையாளரிடம் உண்மை பேசுதல். சந்தையில் உத்தரவாதமில்லாத எல்.இ.டி.யும், மூன்று மாதத்தில் சார்ஜ் நிற்காத சூரிய விளக்கும் நிறைய வருகின்றன. கமிஷன் கூடக் கிடைக்கிறது என்பதற்காக அவற்றை அடுக்கி வைத்தால், போவது அந்தப் பொருளின் பெயர் மட்டுமில்லை. "அண்ணாச்சி கடையில் வாங்கினோம்" என்ற நம்பிக்கையும் சேர்ந்து போகும். எது தாங்கும், எது தாங்காது, யாருக்கு மிச்சம் வரும், யாருக்கு வராது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நூறு யூனிட்டுக்குள் செலவு செய்யும் பாட்டியிடம் சோலாரைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு நல்ல பல்பைக் கொடுங்கள், போதும்.

தொலைக்காட்சியில் பேசுகிறவரையோ, மேடையில் பேசுகிறவரையோ விட, தினம் பார்க்கும் கடைக்காரர் சொல்லும் வார்த்தையை மக்கள் நம்புகிறார்கள். கடனுக்கு அரிசி கொடுத்து, கெட்ட தேங்காயை மாற்றிக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை அது. புதிய மின்சாரம் எப்படியும் வரப்போகிறது. அது வரும்போது அதன் லாபத்தில் சிறு வணிகருக்கும் பங்கு இருக்க வேண்டுமானால், விலை பேசும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தை யாரும் அழைத்துத் தர மாட்டார்கள். நாம் ஒன்றாகப் போய்க் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வளர்க வணிகர் ஒற்றுமை!